சுரங்கத்துக்கு இந்தப் பக்கம்

குடும்பத்து வானொலி நாடு முழுக்கக் கேட்கப்போகும் நாளன்று காலையில் அந்த வீட்டில் முதலில் கேட்டது அண்ணியின் சிரிப்பு. ஆனால் அண்ணி சிரிக்கவில்லை. பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தாள்.

சிரிப்பு அண்ணனின் போனிலிருந்து வந்தது. ஆறு வயதுக் குட்டி அதைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் ஷூவுக்குள் நுழைத்தபடி சொன்னாள். "அம்மா, நீ போனுக்குள்ள சிரிக்கிறே."

அண்ணனின் தங்கை பொத்தான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஒரு கணத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பொத்தான் என்று பட்டப்பெயர் வைத்தது ஊர். வீட்டு மாடியில் இருக்கும் அவர்கள் குடும்பத்து வானொலி நிலையத்தில் அவள் வேலையே அதுதான். பொத்தானின் அம்மா மைக் முன்னால் உட்கார்ந்து ஊர்க்காரர்களோடு போனில் பேசுவாள். அந்தப் பேச்சு சில நொடி தாமதமாகத்தான் காற்றில் போகும். யாராவது வாய் தவறிவிட்டால், அந்தச் சில நொடிக்குள் இவள் சிவப்புப் பொத்தானை அமுக்குவாள். பேச்சு மறைந்துவிடும். ஊருக்கு அதற்குப் பதிலாக ஒரு கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டும் ஓசை கேட்கும். அம்மா என்றைக்கோ சமையலறையில் பதிவு செய்தது. டம்ளர் ஒலித்தால் ஊரே சிரிக்கும், யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று.

ஊர் என்பது மலைகளுக்கு நடுவே கவிழாமல் வைத்த ஒரு கிண்ணம். வெளியே போக ஒரே சுரங்கப்பாதை. அவர்களுடைய எஃப்.எம். அலை அதற்குள் போனால் திரும்பி வராது. மைக்கம்மா பாதிச் சுரங்கத்தில் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவாள் என்று லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

கிண்ணத்துக்குள் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. குரலைக் கேட்டதுமே அம்மா ஆளுடைய இடத்தைச் சொல்லித்தான் வரவேற்பாள். 'வாங்க மருந்துக்கடை மாடி.' 'சொல்லுங்க நீலக்கதவு.' நீலக்கதவு வீட்டுக்குப் பச்சை அடித்து வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தும் அவர் நீலக்கதவுதான். செலவு செய்து பெயின்ட் அடித்தது எதற்கு என்று அவர் மனைவி போன் போட்டுச் சண்டை பிடித்தாள். அவளுக்கு மட்டும் தனியாகப் பச்சைக்கதவு என்று பெயர் வைத்து அம்மா சமாதானம் செய்தாள்.

அண்ணியும் அப்படி வந்தவள்தான். அவள் 'லாண்டரி மாடி'. எங்கிருந்தோ ஒரு குழந்தையோடு வந்து, துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தாள். தினமும் போன் செய்வாள். எங்கள் சத்தம் சுரங்கத்தைத் தாண்டாது, தைரியமாகப் பேசு என்று அம்மா ஒருநாள் சொன்ன பிறகு மனசு விட்டுப் பேசினாள். போன் எடுக்கும் மேஜையில் அப்போது இருந்த அண்ணன், அவள் அழைப்புக்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போட ஆரம்பித்தான். ஒரு மழை நாளில் குடையோடு லாண்டரிப் படி ஏறிப்போனான்.

அந்தக் கதை வீட்டில் யாருக்கும் அலுக்காது. சொல்லிச் சொல்லி, அதிலிருந்த பயம் மட்டும் சோப்பு மாதிரி தேய்ந்துபோயிற்று. குட்டி, அண்ணி பெற்ற குழந்தை இல்லை, செத்துப்போன அக்காவின் மகள். அக்கா எப்படிச் செத்தாள் என்று தெரிந்த ஒரே ஆள் அண்ணி. அக்கா புருஷன் கண்ணில் படாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள். அந்தப் பகுதியை விட்டுவிட்டே எல்லாரும் கதை சொன்னார்கள். மிஞ்சியது ஒரு கல்யாணக் கதை.

போன வாரம், நிலையத்தின் நிகழ்ச்சியை இணையத்தில் நாடு முழுக்க ஒலிபரப்ப ஒரு பெரிய நிறுவனத்தோடு அண்ணன் கையெழுத்துப் போட்டான். முன்னோட்டமாக ஒரு துண்டு கேட்டார்கள். பழைய பதிவுகளையெல்லாம் கேட்டுக்கேட்டு, பொத்தான் அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தாள். அண்ணிக்குப் பரிசு என்று நினைத்தாள்.

'வாங்க லாண்டரி மாடி. ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?'

'மெதுவாத்தான்மா பேசணும். குழந்தை தூங்குது.'

அப்புறம் அந்தச் சிரிப்பு. அதன் முடிவில் நிலையத்தின் பெயர், ஊரின் பெயர்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அண்ணி அணைக்கவில்லை.

"இது எப்போலேருந்து வருது?" என்றாள்.

அண்ணன் உற்சாகமாகச் சொன்னான். ஒரு வாரமாக இணையத்தில் ஓடுகிறது, லட்சக்கணக்கான பேர் கேட்டாயிற்று, சுரங்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் என்பதால் இங்கே எஃப்.எம்.மில் போடவில்லை. சொல்லிக்கொண்டே குட்டியின் இன்னொரு ஷூவை மாட்டிவிட்டான். பரீட்சைக்கு நேரமாகிவிட்டது. பைக் புறப்பட்டுப் போன பிறகுதான் பொத்தான் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

கதைகளில் வரும் பெண்கள் அதிர்ச்சியில் கையிலிருப்பதைக் கீழே போடுவார்கள். அண்ணி போடவில்லை. கரித்துணியை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் மடிக்க முடியாமல் நின்றாள்.

"அண்ணி, நான் வேணும்னு…"

"தெரியும்மா. உனக்குச் சிரிப்புதான் கேட்டுச்சு. அக்கா புருஷனுக்கு மூணும் கேட்டிருக்கும். நான், குழந்தை, லாண்டரி."

பொத்தானுக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். லாண்டரிதான் போன வருஷமே இடம் மாறிவிட்டதே. பழைய மாடியில் இப்போது சைக்கிள் கடைக்காரர் குடும்பம். அவன் வந்தாலும் இந்த வீட்டுக்கு எப்படி வருவான்?

அவன் எப்படிப் பேசுவான் என்று மட்டும் அண்ணி சொன்னாள். கத்த மாட்டான். குரலை உயர்த்தவே மாட்டான். கேட்பவர்கள் இரண்டு நிமிஷத்தில் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். போலீசும் ஒருதடவை அப்படித்தான் சாய்ந்தது.

"எதுக்கும் முன்னாடி 'தப்பா நினைச்சுக்காதீங்க'ன்னு ஆரம்பிப்பான். அதைக் கேட்டா நானும் அக்காவும் எந்தக் கதவு பக்கத்துல இருக்குன்னு பார்ப்போம்." அவள் பொத்தானின் ஆட்காட்டி விரலைப் பிடித்தாள். "இன்னைக்கு அவன் கூப்பிடுவான். ஊர் கேக்க அழுவான். அழுதுட்டான்னா அப்புறம் குட்டி அவனுக்குத்தான். அந்த ஒரு வார்த்தை வந்ததும் அமுக்கிடு. உன் கையிலதானே இருக்கு?"

"என் கையிலதான் அண்ணி இருக்கு."

பள்ளியில் பரீட்சை முடியும்வரை வாசலைத் திறக்க மாட்டார்கள். இன்றைக்கு அரை நாள்தான். பின்வாசல் ஆயாவிடம் கெஞ்சிப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் அங்கேயே நிற்கிறேன் என்று அண்ணி செருப்பை மாட்டினாள். போகும்முன் தன் போனை அணைத்தாள். பயம் வந்தால் முதலில் போனை அணைப்பது அவளுடைய பழைய வழக்கம். அதைத் தடுக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் பொத்தானுக்குத் தோன்றவில்லை.

மாடியில் நிலையம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. நிறுவனத்திலிருந்து வந்திருந்த கோட்டுக்காரர் மடிக்கணினியை விரித்து வைத்திருந்தார். போன் மேஜை காலி. இனி அழைப்புகளைத் தலைநகரத்தில் நிறுவனத்து ஆட்கள் எடுத்துப் பொறுக்கி அனுப்புவார்கள். ஒவ்வொரு அழைப்பும் ஒரு குறிப்போடு திரையில் வரும்: 'நகைச்சுவை', 'கோபம்', 'உருக்கம்'. அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஓட்டல் பலகை மாதிரி இருக்கே என்றாள்.

முன்னோட்டத்தை எடுத்துவிடு என்று பொத்தான் அண்ணனைத் தனியே இழுத்துச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. கோட்டுக்காரரிடம் போய்க் கேட்டான். இன்றைக்கு முடியாது, நிகழ்ச்சி முடியட்டும் என்று பதில் வந்தது. அண்ணன் வாதாடவில்லை. இரண்டு தடவை தண்ணீர் குடித்தான்.

நிகழ்ச்சி ஆரம்பமானது. பழக்கதோஷத்தில் அம்மா, "வாங்க…" என்று சொல்லிவிட்டு நின்றாள். எங்கிருந்தோ பேசுகிறவர்களின் கதவுக்கு என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் சமாளித்தாள். ஒருவர் தன் மேலதிகாரியைத் திட்டினார். ஒரு பெண் மாமியாரைப் புகழ்ந்தாள், அது எல்லாவற்றையும்விட வேடிக்கையாக இருந்தது. கோட்டுக்காரரின் திரையில் கேட்பவர் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது.

பள்ளி விடும் நேரம் நெருங்கியபோது திரையில் அடுத்த குறிப்பு வந்தது. 'காணாமல் போன மகள். உருக்கம்.'

பொத்தானின் விரல் தானாகவே சிவப்புப் பொத்தான்மேல் போய் நின்றது.

"வணக்கம்மா," என்றது ஓர் ஆண்குரல். மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு குரல். "தப்பா நினைச்சுக்காதீங்க…"

அமுக்கினாள். எஃப்.எம்.மில் டம்ளர் ஒலிக்க ஆரம்பித்தது. இந்தப் பக்கம், அழைப்பை அறுத்துவிடச் சொல்லி கோட்டுக்காரருக்குச் சைகை காட்டினாள். அழைப்பு தலைநகரத்து வழியாக வருவதால் அவள் கையால் அறுக்க முடியாது. அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் திரையைக் காட்டினார். கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

அந்த மனிதன் பேசினான். மனைவி இறந்ததைச் சொன்னான். துக்கத்தில் தான் கிடந்தபோது மனைவியின் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னான். ஒரு வாரத்துக்கு முன்னால் போனில் ஒரு சிரிப்பைக் கேட்டு உயிர் வந்தது என்றான். யார்மேலும் கோபம் இல்லை, குழந்தையை ஒருதடவை பார்த்தால் போதும் என்றான். திரையின் ஓரத்தில் கேட்பவர்கள் எழுதும் வரிகள் ஓட ஆரம்பித்தன. ஐயோ பாவம் அந்த அப்பா. யார் அந்தப் பொம்பளை. எந்த ஊர். கண்டுபிடிங்க.

பொத்தான் கோட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நான்தான் அமுக்கிட்டேனே. இவங்களுக்கு எப்படிக் கேக்குது?"

கோட்டுக்காரர் பொறுமையாக விளக்கினார். நேற்று அவருடைய ஆட்கள் கேபிளை மைக்கிலிருந்து நேராக எடுத்திருக்கிறார்கள். தாமதம், பொத்தான், டம்ளர் எல்லாம் அதற்குப் பிறகுதான். "நீங்க நிறுத்துனது உங்க ஊருக்கு மட்டும்தாங்க. நாடு பூரா கேட்டாச்சு."

அண்ணியை அறிந்தவர்கள், அவளுக்காக வாசலில் வந்து நிற்கக்கூடியவர்கள் இந்தக் கிண்ணத்துக்குள் இருப்பவர்கள்தான். அவர்கள் காதை மட்டும் பொத்தான் மூடியிருக்கிறாள். அறியாதவர்கள் அத்தனை பேருக்கும் திறந்துவிட்டிருக்கிறாள்.

அப்போதுதான் ஹெட்போனில் அந்த ஓசை அவள் காதில் விழுந்தது. அவனுடைய குரலுக்குப் பின்னால், எங்கோ ஒரு மூலையில், கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டும் ஓசை.

ஒருகணம் அவளுக்கு அது வீட்டு ஓசையாகவே பட்டது. பிறகுதான் தலைக்குள் ஏறியது. டம்ளர் இணையத்தில் போகவில்லை. டம்ளர் எஃப்.எம்.மில் மட்டும்தான் போகிறது. எஃப்.எம். சுரங்கத்தைத் தாண்டாது.

அவன் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறான்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். டம்ளருக்குக் கீழே இன்னொரு சத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. உருண்டு உருண்டு, நனைந்த துணி விழுவதும் எழுவதுமாக. லாண்டரிக்காரர் காலையில் ரேடியோவைப் போட்டால் கடை மூடும்வரை அணைக்க மாட்டார். இயந்திரச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று எப்போதும் அலறவிடுவார்.

லாண்டரியின் எண்ணுக்குத் தன் போனிலிருந்து அடித்தாள். லைன் பிஸி.

முன்னோட்டத்தில் கேட்டதை வைத்து அவன் லாண்டரியைத் தேடி வந்திருக்கிறான். காலையில் அவளுக்கு எது ஆறுதலாக இருந்ததோ அது இப்போது கழுத்தைப் பிடித்தது. இடம் மாறிய லாண்டரி இப்போது பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே.

அண்ணன் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தான். அவள் வாயிலிருந்து 'லாண்டரி' என்ற ஒரு சொல்தான் வந்தது, அவனுக்கு அது போதுமாயிருந்தது. ஹெல்மெட்டைக்கூட எடுக்கவில்லை. பைக் முதல் உதையில் கிளம்பவில்லை, இரண்டாவதிலும் இல்லை.

அண்ணியின் போன் அணைந்தே இருந்தது. பள்ளி அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. போலீசைக் கூப்பிட்டால் அவன்தான் தகப்பன், காகிதம் எல்லாம் அவனிடம். எஃப்.எம்.மில் சொல்லி ஊரைத் திரட்டலாம் என்றால் முதலில் கேட்கப்போவது ரேடியோவுக்குப் பக்கத்தில் நிற்கும் அவன்தான்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. அவன் போனைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டான். லாண்டரி போனுக்குக் கம்பி உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவின் ஹெட்போனுக்குள் மட்டும் கேட்கும்படி பேசினாள். "அம்மா, இது குட்டியோட அப்பன். லாண்டரியிலேருந்து பேசுறான். லைனை விட்டுடாதே. பேச்சை இழு."

அம்மா நிமிரவில்லை. அவள் கை மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. குரலில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"சொல்லுங்க சார். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

இன்னொன்றும் செய்ய வேண்டியிருந்தது. டம்ளர் தொடர்ந்து ஒலித்தால் தன் பேச்சு இங்கே போகவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். சந்தேகப்பட்டால் வைத்துவிடுவான். பொத்தான் விரலை எடுத்தாள். யாருடைய குரலை இந்த ஊருக்குள் விடமாட்டேன் என்று அண்ணியிடம் வாக்குக் கொடுத்தாளோ, அதைத் தன் விரலாலேயே ஊருக்குள் விட்டாள். அவன் குரல் சில நொடி கழித்து மருந்துக்கடை மாடியில் கேட்டது, நீலக்கதவில் கேட்டது, லாண்டரியில் அவனுக்கே திரும்பக் கேட்டது. அவன் தொண்டையைச் செருமினான். திருப்தியாக இருந்தது போலும்.

அம்மா கேட்டாள். குழந்தை எப்படி இருப்பாள்? ரொம்ப அழகு என்றான். என்ன பிடிக்கும்? எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கிறதுதான் என்றான். எதற்குப் பயப்படுவாள்?

இயந்திரம் சுற்றியது.

"எதுக்கும் பயப்பட மாட்டா. நான் அப்படித்தான் வளர்த்தேன்."

"தூங்கும்போது விளக்கு வேணுமா, வேண்டாமா சார்?"

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா." குரல் அதே மென்மையோடு இருந்தது. "நீங்க என்னை விசாரிக்கிறீங்களா?"

"சேச்சே. ஒரு அப்பா பேசினா ஊரே கேக்கும். மனசு விட்டுப் பேசுங்க. அவ பிறந்த நாளைப் பத்திச் சொல்லுங்களேன். மழையா, வெயிலா?"

பொத்தான் மனசுக்குள் பைக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைத் திருப்பம். சைக்கிள் கடை. தண்ணீர்த் தொட்டி. அந்தக் குறுகலில் எதிரே லாரி வராமல் இருக்க வேண்டும். அண்ணன் எவ்வளவு வேகமாகப் போனாலும் அவளுக்கு அவன் இன்னும் மருந்துக்கடையிலேயே இருந்தான்.

"மழைதாம்மா," என்று அவன் ஆரம்பித்தான். "நல்ல மழை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல…"

மணி அடித்தது.

டம்ளர் இல்லை. பெரிய மணி, நீளமாக, அடித்துக்கொண்டே இருந்தது. போன் வழியாக அது ஹெட்போனுக்குள் நுழைந்தபோது அம்மாவும் பொத்தானும் கண்ணாடிக்கு இருபுறமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணியின் பின்னாலேயே குழந்தைகளின் கூச்சல் அணை உடைந்த மாதிரி வந்தது. அதற்குள் குட்டியின் குரலும் இருந்திருக்கும். பிரித்தெடுக்க முடியவில்லை.

கட்டை போன்ற ஏதோ ஒன்று சுவரில் இடித்தது. மறுபடி இடித்தது.

"சார்?" என்றாள் அம்மா. "மழைன்னு சொன்னீங்க. அப்புறம்?"

இயந்திரம் சுற்றியது. துணி விழுந்தது, எழுந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

லைன் அறுபடவில்லை. திரையில் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தது.

சில நொடி கழித்துப் பதில் வந்தது. அவன் இல்லாத லாண்டரியில், கம்பியில் தொங்கும் ரிசீவருக்கு எட்டும்படி, ரேடியோ அம்மாவின் குரலிலேயே கேட்டது:

'சார், லைன்ல இருக்கீங்களா?'